செபச் செயலியிலிருந்து முழுமையாக வெளியேற பிளே ஸ்டோர் நல்லதா, ஆப் ஸ்டோர் நல்லதா?

யாழ்ப்பாணத்தில் குருநகர், பாசையூர் வீடுகளில் நவநாளும் செபமாலையும் போனில் ஒலிக்கின்றன. சோனகதெருவில் தொழுகை நேரத்துக்கு ஒரு செயலி, நல்லூர்ப் பக்கம் பஞ்சாங்கத்துக்கு ஒன்று. எதையும் இறக்குவது இரண்டு நிமிட வேலை. விட்டுவிலகுவதுதான் கடினம். ஐகனை அழுத்திப் பிடித்து அன்இன்ஸ்ரோல் கொடுத்தால் போனிலுள்ள பிரதி மட்டுமே போகும். கணக்கும், இருப்பிடப் பதிவும், எழுதிய வேண்டுதல்களும் நிறுவனத்தின் சேர்வரில் அப்படியே இருக்கும். ஐபோனில் 'ஓஃப்லோட்' என்பதைத் தொட்டால் போனிலுள்ள தரவுகூடப் போகாது. 'டிலீற் அப்' என்பதுதான் சரியான தெரிவு.

இதில் மிகவும் கவனிக்கவேண்டியது செயலியின் வேண்டுதல் பக்கம். மகனின் விசா, அக்காவின் புற்றுநோய், காணாமல் ஆக்கப்பட்ட தம்பியின் முழுப்பெயர் என்று நம்மவர்கள் மனம் திறந்து எழுதும் இடம் அது. எழுதியவர் ஒருவர், விபரம் இன்னொருவருடையது. அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. பயர்பொக்ஸ் உலாவியின் மொசில்லா அமைப்பு 2022 மே மாதத்தில் மனநல, செபச் செயலிகள் 32 ஐ ஆராய்ந்து 28 க்குத் தனியுரிமை எச்சரிக்கை கொடுத்தது. 2020 நவம்பரில் தொழுகை நேரம் காட்டும் 'முஸ்லிம் புரோ' செயலியின் இருப்பிடத் தரவு எக்ஸ்-மோட் என்ற தரவு வியாபாரிக்குப் போவது செய்தியானது. அதன்பின் முஸ்லிம் புரோ அந்தத் தொடர்பை முறித்துக்கொண்டது.

ஒழுங்கு தவறினால் வேலை இரட்டிப்பாகும். முதலில் சந்தா. செயலியை அழித்தாலும் ஸ்டோர் வழியாக எடுத்த சந்தா நிற்காது, பணம் போய்க்கொண்டே இருக்கும். அன்ட்ரொயிட்டில் பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, 'பேமன்ட்ஸ் அன்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' பகுதியில் நிறுத்துங்கள். ஐபோனில் செற்றிங்ஸில் உங்கள் பெயரைத் தொட்டால் 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' இருக்கும். இலவசக் காலம் என்றால் முடிவதற்கு 24 மணித்தியாலத்துக்கு முன்னரே நிறுத்தவேண்டும். ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளை தன் கணக்கில் கட்டியிருந்தால், நிறுத்துவதும் அந்தக் கணக்கிலிருந்துதான் முடியும்.

அடுத்து, எழுதிய வேண்டுதல்களை ஒவ்வொன்றாகத் திறந்து அழியுங்கள். இதைக் கணக்கு அழிக்க முன்னரே செய்யவேண்டும். கணக்கு போனபின் பதிவுகள் பெயரில்லாமல் பொதுச்சுவரில் தங்கிவிட்டால், அவற்றைத் தொட உங்களுக்கு வழியில்லை; உள்ளே எழுதிய அக்காவின் பெயரோ அப்படியே நிற்கும்.

கணக்கை அழிக்கும் இடத்தில்தான் இரண்டு ஸ்டோர்களும் வேறுபடுகின்றன. கணக்குத் திறக்கவிடும் செயலி, அதை அழிக்கும் வழியையும் செயலிக்குள்ளேயே தரவேண்டும் என்று அப்பிள் 2022 ஜூன் 30 முதல் கட்டாயமாக்கியது. கூகுள் பின்னால் வந்தாலும் ஒரு படி கூடக் கேட்கிறது: கணக்கை அழிக்கக் கேட்கும் இணையப் பக்கத்தின் இணைப்பும் செயலிக்கு வெளியே இருக்கவேண்டும். பிளே ஸ்டோரில் செயலியின் பக்கத்தில் 'டேற்றா சேஃப்டி' பகுதியில் அதைத் தேடுங்கள். அவசரப்பட்டு அன்இன்ஸ்ரோல் செய்தவருக்கு இது பெரிய உதவி. ஐபோன்காரர் அநேகமாகச் செயலியைத் திரும்ப இறக்கித்தான் உள்ளே போகவேண்டியிருக்கும். 'டிஅக்ரிவேற்' என்பதை மட்டும் காட்டும் செயலியை நம்பவேண்டாம். கணக்கை உறங்கவைப்பதை அழிப்பாக இரண்டு ஸ்டோர்களும் ஏற்பதில்லை.

இங்கே அடிக்கடி தடுக்கி விழும் இடம் மின்னஞ்சல். போன் விற்ற கடையிலேயே வயதானவர்களுக்கு ஜிமெயில் திறந்து கொடுத்திருப்பார்கள், கடவுச்சொல் வீட்டில் எவருக்கும் தெரியாது. முதலில் அதை மீட்டெடுங்கள், ஏனென்றால் உறுதிப்படுத்தும் இணைப்பு அந்த முகவரிக்குத்தான் வரும். கணக்கை அழிக்கும் பொத்தானே இல்லையென்றால் அதே முகவரியிலிருந்து நிறுவனத்துக்கு எழுதுங்கள்: கணக்கு, வேண்டுதல்கள், இருப்பிடப் பதிவு, சாதன அடையாளம் எல்லாவற்றையும் அழிக்கவேண்டும், தரவு பெற்ற மூன்றாந் தரப்பினருக்கும் அறிவிக்கவேண்டும், முடிந்ததை எழுத்தில் தரவேண்டும். இலங்கையின் 2022 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் குறிப்பிடுங்கள். சமய நம்பிக்கை அதில் விசேட வகைத் தரவு. அடையாள அட்டைப் படம் கேட்டால் கொடுக்காதீர்கள். பதிவுசெய்த முகவரியிலிருந்து எழுதுவதே போதிய ஆதாரம் என்று பதில் போடுங்கள். நன்கொடைப் பற்றுச்சீட்டுகளைக் கணக்கு வழக்குக்காக வைத்திருப்போம் என்றால் அது நியாயமே.

பிறகு கூகுள், அப்பிள் கணக்குகளில் அந்தச் செயலிக்குக் கொடுத்த உள்நுழைவு இணைப்பை நீக்குங்கள். அன்ட்ரொயிட்டில் செற்றிங்ஸ், கூகுள், 'அட்ஸ்' என்று போய், விளம்பரத்துக்காகப் போனுக்கு இட்டிருக்கும் அடையாள எண்ணையும் அழியுங்கள். கடைசியாகத்தான் அன்இன்ஸ்ரோல்.

வெளியேறும் வசதிக்கு ஐந்தில் பிளே ஸ்டோருக்கு நான்கு, ஆப் ஸ்டோருக்கு மூன்று கொடுக்கலாம். இரண்டுக்கும் முழுப் புள்ளி கிடைக்காததற்குக் காரணம் ஒன்றே: வேண்டுதலில் பெயர் வந்த மற்றவர் தன் விபரத்தை அழிக்கக் கேட்க, இரண்டு ஸ்டோர்களும் ஒரு பொத்தானைக் கட்டாயமாக்கவில்லை.