பேஸ்மென்ட்டுக்கு சம்ப் பம்ப் போடப் போறீங்களா? எங்க 74,000 ரூபாய் போன கதையைப் படிச்சிட்டு முடிவு பண்ணுங்க

போன வாரம் பெய்த மழையில் எங்கள் அப்பார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் முட்டிக்கு மேல் தண்ணீர். மழைத்தண்ணீர்கூட இல்லை, அசல் சாக்கடை. தண்ணீர் தேங்கக் கூடாது என்றுதான், குழியில் சேரும் தண்ணீரை வெளியே தள்ளும் சம்ப் பம்ப்பை 74,000 ரூபாய் கொட்டிப் போட்டோம். அந்த பம்ப்புக்கு மாட்டிய பைப் வழியாகவே ரோட்டுச் சாக்கடை உள்ளே வந்தது. வயிறு எரிகிறது.

பெங்களூரில் ஹொரமாவு பக்கம் இருக்கிறவர்களுக்கு மழைபயம் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2025 மே மாதம் சாய் லேஅவுட் மூழ்கியதை எல்லாரும் டிவியில் பார்த்தீர்கள். நாங்கள் அதைவிடக் கொஞ்சம் மேட்டில் இருக்கிறோம். பன்னிரண்டு வீடு, கீழே பார்க்கிங், ஒரு லிஃப்ட். அசோசியேஷன் கணக்கு என் கையில். வீட்டுக்கு 6,000 வசூல் செய்து, குறைந்த 2,000-ஐ அசோசியேஷன் சேமிப்பான கார்பஸிலிருந்து எடுத்துப் போட்டோம். ரிட்டயர்ட் ஆனவர்கள், வாடகைக்கு விட்டுவிட்டுச் சென்னையில் இருப்பவர்கள், ஒவ்வொருவரிடமும் கெஞ்சி வாங்கிய பணம் அது.

ஆளைப் பிடித்தது ஆப் வழியாக. ஏசி சர்வீஸ், பெயின்டிங், பிளம்பிங் என்று எல்லாவற்றுக்கும் வீட்டுக்கே ஆள் அனுப்பும் வகை ஆப். பெயரை இப்போது போடவில்லை, கேஸ் போடப் போகிறோம். போனில் விளம்பரம் பார்த்திருப்பீர்கள், புரிந்துகொள்ளுங்கள்.

வந்தவர் கிருஷ்ணகிரிப் பக்கம். முதலில் கன்னடத்தில் ஆரம்பித்தார், நான் வாட்ச்மேனிடம் தமிழில் பேசியதைக் கேட்டதும், "அக்கா நம்ம ஊரா?" என்றார். அவ்வளவுதான். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். காபி வேண்டாம், தண்ணி போதும் என்றார். டார்ச் அடித்துக்கொண்டு பேஸ்மென்ட்டை மூலை மூலையாகப் பார்த்தார், ரேம்ப்பில் எங்கே தண்ணீர் இறங்குகிறது என்று கையால் கோடு போட்டுக் காட்டினார். சரியான இடத்தைத்தான் காட்டினார், அதைச் சொல்லியாக வேண்டும். "வேற யாராச்சும்னா ஒன்றரை லட்சம் சொல்லுவாங்கக்கா. உங்ககிட்ட ஏமாத்தி வாங்கிட்டு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ஊருக்குப் போவேன்?" இப்படிப் பேசினால் யார்தான் நம்ப மாட்டார்கள்?

கொட்டேஷன்: குழி தோண்டி சிமென்ட் ரிங் இறக்க 18,000, ஒரு எச்.பி. டிவாட்டரிங் பம்ப் 31,000, பைப் வேலை 12,000, கன்ட்ரோல் பேனல் 13,000. மொத்தம் 74,000. அட்வான்ஸ் 50,000, மீதி 24,000 மோட்டார் ஓடின பிறகு. எல்லாமே ஆப்பில்தான் கட்டினோம். ஸ்க்ரீன்ஷாட் இருக்கிறது.

வேலை முடிந்த அன்று எங்கள் காவிரித் தண்ணீர் சம்ப்பிலிருந்து ஹோஸ் போட்டுக் குழியை நிரப்பினார். தண்ணீர் ஏறினால் மோட்டாரை ஓடவைக்கும் மிதவையை, அதாவது ஃப்ளோட்டைக் கையால் தூக்கினார். மோட்டார் உறுமியது, குழி காலி. கீழ்வீட்டு அங்கிள் கைதட்டினார், நான் வீடியோ எடுத்து க்ரூப்பில் போட்டேன். "ஒரு ஓ.டி.பி. வரும், சொல்லுங்கக்கா" என்றார். சொன்னேன். அந்த நாலு நம்பரை மறக்காதீர்கள், பின்னால் வரும்.

மழை வந்த ராத்திரி வாட்ச்மேன் போன் செய்தபோது பெஸ்காம் கரண்ட் போய்விட்டிருந்தது. ஜெனரேட்டர் போட்டோம். மோட்டார் ஓடுகிறது, நிற்கிறது, ஓடுகிறது, நிற்கிறது. தண்ணீர் மட்டும் ஏறிக்கொண்டே இருக்கிறது, அதுவும் நாற்றத்தோடு. கொஞ்ச நேரத்தில் கருகின வாடை. அத்தோடு சத்தமும் நின்றது. கன்ட்ரோல் பேனல் பெட்டியை அந்த மகராசன் தொடை உயரத்தில் மாட்டியிருந்தார். வாட்ச்மேன் ஸ்விட்சை அணைக்க இறங்கப் பார்த்தார், நான் கத்தின கத்தலில் நின்றுவிட்டார். அதே 2025 மே மாதம் பி.டி.எம். லேஅவுட் பக்கம் பேஸ்மென்ட் தண்ணீரை மோட்டார் வைத்து இறைக்கப்போய் கரண்ட் அடித்து ரெண்டு பேர் செத்துப்போனார்கள், அதில் ஒன்று சின்னப் பையன். அதுதான் கண்முன் வந்தது. மேலே மெயினை அணைத்த பிறகுதான் மூச்சு வந்தது.

மறுநாள் அல்சூரிலிருந்து ஒரு பழைய பிளம்பரைக் கூட்டிவந்தோம். மோட்டாரை வெளியே எடுத்துச் சேற்றைத் துடைத்தார். '1 HP' ஸ்டிக்கர் ஓரத்தில் நகத்தை விட்டு உரித்தார். அடியில் கம்பெனி பிளேட், 0.37 கிலோவாட். அதாவது அரை எச்.பி. டிவாட்டரிங் பம்ப்பே இல்லை அது. "சம்ப்புல நல்ல தண்ணி ஏத்துற ஓப்பன்வெல் மோட்டாரும்மா இது. மண்ணு, இலை, கவர் வந்தா அடைச்சிக்கும். எப்பவும் தண்ணிக்குள்ள முழுகியே இருந்தாத்தான் சூடு தாங்கும். இந்தக் குழி ஆழத்துக்கு காயில் போகாம என்ன பண்ணும்?"

அடுத்தது பைப். மேலே மழைநீர்க் கால்வாயில் விடுவதாகச் சொன்னவர், தூரம் மிச்சமாகட்டும் என்று பக்கத்தில் இருந்த யு.ஜி.டி. (பாதாளச் சாக்கடை) சேம்பரில் சொருகியிருக்கிறார். மழைத்தண்ணீரை சாக்கடை லைனில் விடவே கூடாது, குடிநீர் வாரியம் பிடித்தால் நமக்குத்தான் ஃபைன். அடைமழையில் அந்த லைன் நிரம்பித் தளும்பும். போன தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வும் பைப்பில் இல்லை. பில்லில் இருக்கிறது, பைப்பில் இல்லை! மோட்டார் தள்ளினதெல்லாம் நின்றவுடன் திரும்ப இறங்கி, குழி நிறைந்து, மறுபடி மோட்டார் ஓடி... கருகின பிறகு சேம்பர் சாக்கடை எல்லாம் நேராக எங்கள் பேஸ்மென்ட்டுக்கு. லிஃப்ட் குழி முழுக்க அதுதான். 13,000 ரூபாய் பேனலைத் திறந்தால் மோட்டாரை ஆன்-ஆஃப் பண்ணுகிற ஒரு கான்டாக்டர், ஓவர்லோடானால் ட்ரிப் ஆகிற ஒரு எம்.சி.பி., அவ்வளவுதான். ஷாக் அடித்தால் கட் பண்ணுகிற ஆர்.சி.சி.பி. கிடையாது. எர்த் வயர் பெட்டிக்குள் சுருட்டி வைத்தபடியே இருந்தது.

சரி, புகார் கொடுப்போம் என்று போனால் அங்கேதான் உண்மையான கூத்து. ஆப்பில் மனிதரோடு பேசவே அரை நாள். "மேம், ஓ.டி.பி. நீங்கதான் கொடுத்திருக்கீங்க. ஜாப் கம்ப்ளீட்டட்னு க்ளோஸ் ஆயிடுச்சு." பம்ப்பே வேறு என்றேன். "பொருள் எங்களுது இல்ல மேம், பார்ட்னர் கடையோடது." பார்ட்னர் கடை: "நாங்க சப்ளை மட்டும்தான், எது கேட்டாங்களோ அதைக் கொடுத்தோம்." பம்ப் கம்பெனி சர்வீஸ் சென்டர்காரர் மட்டும் மரியாதையாகப் பேசினார். சீரியல் நம்பரைப் பார்த்துவிட்டு, இது சாக்கடைக்குப் போடும் மாடலே இல்லை, வாரண்டி கிடையாது என்று எழுதியே கொடுத்தார். அதை ஆப்புக்கு அனுப்பினேன். "உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்" என்று ஒரு மெயில், கூடவே அடுத்த புக்கிங்குக்கு 200 ரூபாய் கூப்பன். 74,000 போனவர்களுக்கு 200 ரூபாய் கூப்பன்! கிருஷ்ணகிரித் தம்பி முதல் தடவை எடுத்து, "அக்கா, மழை அவ்ளோ பெய்யும்னு நான் கண்டேனா?" என்றார். அதற்குப் பிறகு என் நம்பர் பிளாக்.

க்ரூப்பில் இப்போது எல்லாரும் என்னைக் கேட்கிறார்கள், சென்னைக்காரர் வாய்ஸ் மெசேஜிலேயே கேட்கிறார். விடுங்கள்.

பம்ப் போடுவது எப்படி என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. அவசரமாகச் சில விஷயம் மட்டும். மோட்டாரைக் குழியில் இறக்குவதற்கு முன் கம்பெனி பிளேட்டை போட்டோ எடுங்கள், ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் இருந்தால் திருப்பி அனுப்புங்கள். மண்ணும் குப்பையும் தாங்கும் டிவாட்டரிங் அல்லது சீவேஜ் பம்ப்தான் வேண்டும், முடிந்தால் ரெண்டு. வால்வைக் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பைப் எங்கே போய் முடிகிறது என்று கடைசிவரை நடந்து பாருங்கள். ஃப்ளோட் சுவரில் இடிக்காத அளவுக்குக் குழி அகலம் வேண்டும், அல்சூர்க்காரர் மூணுக்கு மூணு அடி என்கிறார், எங்களுக்குத் தோண்டினது ரெண்டடிகூட இல்லை. கன்ட்ரோல் பேனல் பெட்டி மேல்மாடியில். ஆர்.சி.சி.பி. கட்டாயம். ஹோஸ் தண்ணீரில் ஓடுவதெல்லாம் டெஸ்டிங்கே இல்லை, ஒரு மழை பார்க்காமல் ஓ.டி.பி. சொல்லாதீர்கள்.

1915 நுகர்வோர் ஹெல்ப்லைனில் புகார் பதிந்தாகிவிட்டது. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம், ஐந்து லட்சம் வரைக்கும் அங்கே ஃபீஸ் கிடையாது. இதே ஆப்பில் இதே மாதிரி பம்ப் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் கிழக்கு பெங்களூரில் யாராவது இருந்தால் பில்லோடு வாருங்கள், சேர்ந்தே போடலாம். லிஃப்ட் மெக்கானிக் கீழே வந்து நிற்கிறார், எவ்வளவு சொல்லப்போகிறாரோ.