நியூ ஹொரைசன்ஸ் பேண்டில் சேருமுன் பேண்டு மாஸ்டரைப் பாருங்கள்

ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு கிளாரினெட்டோ டிரம்பெட்டோ கற்றுக்கொண்டு நாலு பேரோடு உட்கார்ந்து வாசிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு, அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரியவர்களுக்கென நடக்கும் நியூ ஹொரைசன்ஸ் பேண்டு என்ற ஊதுவாத்தியக் குழு மிகப் பொருத்தமான இடம். நோட்டேஷன் படிக்கவே தெரியாதவரும் சேரலாம். தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் பெயரை மட்டும் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள். பெயர் ஒன்றுதான், நிர்வாகம் ஊருக்கு ஊர் வேறு. ஓர் ஊரில் கல்லூரி இசைத்துறை நடத்தும், இன்னோர் ஊரில் வாத்தியக் கடை நடத்தும், வேறோர் ஊரில் முதியோர் மையம் நடத்தும். நீங்கள் கட்டும் கட்டணத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே ஓர் ஆள்: முன்னால் கோலோடு நிற்கும் பேண்டு மாஸ்டர்.

நம் ஊரில் பேண்டு என்றால் கல்யாண ஊர்வலம், இல்லையென்றால் போலீஸ் பேண்டு. அங்கே நிலைமை வேறு. பள்ளியிலேயே பேண்டு ஒரு பாடம். படிப்பு முடிந்ததும் பலர் வாத்தியத்தைப் பெட்டியில் வைத்து மூடிவிடுவார்கள். விடாமல் வாசிப்பவர்கள் ஊர் பேண்டுகளில் சேர்வார்கள். பென்சில்வேனியாவில் 1828இலிருந்து நடந்துவரும் அலன்டவுன் பேண்டு அப்படிப்பட்ட பேண்டுகளில் மூத்தது. அந்த மாதிரி இடங்களில் வாசிக்கத் தெரிந்தவருக்குத்தான் நாற்காலி. பெரியவர்களில் புதிதாகத் தொடங்குபவருக்கு வழி இல்லாமல் இருந்தது. ராச்செஸ்டர் நகரில் ஈஸ்ட்மன் இசைப்பள்ளிப் பேராசிரியர் ராய் எர்ன்ஸ்ட் 1991இல் அதற்கு வழி செய்தார். தனித்தனியாக வருடக்கணக்கில் பயிற்சி எடுத்துவிட்டுப் பேண்டுக்கு வருவதற்குப் பதிலாக, பேண்டில் உட்கார்ந்தே கற்றுக்கொள்வது என்பது அவர் முறை. உங்களால் முடிந்தவரை வாசித்தால் அது போதும் என்பது அவர் சொல்லிக்கொடுத்த கொள்கை. 1995இல் அயோவா சிட்டியில் டான் காஃப்மன் முதியோர் மையத்தில் ஒரு பேண்டைத் தொடங்கினார். இன்று பல நாடுகளில் இதே பெயரில் பேண்டுகள் இருக்கின்றன.

பொதுவாகக் கிடைப்பது இதுதான்: வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு முறை முழு பேண்டு ஒத்திகை, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் போல. வசதியுள்ள இடங்களில் வாத்தியவாரியாகத் தனி வகுப்பும் உண்டு. தேர்வு வைத்துச் சேர்ப்பதில்லை. வாத்தியம், புத்தகம், ஸ்டாண்டு உங்கள் பொறுப்பு. பருவத்துக்கு ஒன்றிரண்டு கச்சேரி. பெரும்பாலான இடங்களில் பணம் கட்டுமுன் ஒரு ஒத்திகையில் சும்மா உட்கார்ந்து பார்க்க விடுவார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் எதைக் கவனிப்பது என்பதுதான் முக்கியம்.

முதல் கால் மணி நேரத்தைப் பாருங்கள். ஆட்கள் உட்கார்ந்ததும் ஒவ்வொருவராக ட்யூனரை (சுருதியை முள்ளால் காட்டும் கருவி) வைத்துச் சுருதி பார்க்கிற மாஸ்டர் நேரத்தை வீணாக்குகிறார். குளிர்ந்த வாத்தியத்தில் சுருதி கீழே இருக்கும். பத்து நிமிடம் ஊதிச் சூடானால் மேலே ஏறும். முதலில் செய்த சரிபார்ப்பு பத்தே நிமிடத்தில் பொய்த்துப் போகும். விவரம் தெரிந்தவர் முதலில் நீண்ட ஸ்வரங்களை ஊதவைத்து, பிறகு மிகத் தாழ்ந்த ஒலியுள்ள பித்தளை வாத்தியமான டூபாவிலிருந்து மேலே ஒவ்வொரு வரிசையாகச் சேர்ப்பார். முள் நடுவில் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்வதைவிட, டூபாவின் ஒலியைக் கேட்டு அதற்குள் உட்காரச் சொல்வார்.

அடுத்து கான்சர்ட் பி ஃபிளாட் ஸ்கேல். கான்சர்ட் என்றால் உண்மையில் ஒலிக்கும் சுருதி; அதே சுருதிக்குத் தாளில் எழுதும் பெயர் வாத்தியத்துக்கு வாத்தியம் மாறும். பேண்டு உலகத்தின் மாயாமாளவகௌளை என்றே சொல்லலாம், தொடக்கப் பாடம் இங்கிருந்துதான். கிளாரினெட்டும் டிரம்பெட்டும் டெனர் சாக்ஸும் தங்கள் தாளில் சி-யிலிருந்து வாசிப்பார்கள், ஆல்டோ சாக்ஸ் ஜி-யிலிருந்து, ஹார்ன் எஃப்-இலிருந்து, புல்லாங்குழலும் டிராம்போனும் பி ஃபிளாட்டிலிருந்தே. இதைப் புதியவருக்கு ஒரே வரியில் விளக்கத் தெரியாத மாஸ்டரிடம் முதல் மாதம் முழுக்கக் குழப்பம்தான்.

இந்த ஸ்கேலில் கிளாரினெட் வரிசையை மட்டும் தனியாகக் கவனியுங்கள். முதல் ஐந்து ஸ்வரம் சுகமாகப் போகும். ஆறாவதான ஏ-க்கு இடக்கை ஆள்காட்டி விரல் ஒரு சாவியை (துளையைத் திறந்து மூடும் நெம்பு) தொட்டால் போதும், கிட்டத்தட்ட எல்லாத் துளையும் திறந்திருக்கும். அடுத்த பி-க்கு ஒரே நொடியில் எல்லாத் துளையையும் மூடி, சுண்டுவிரல் சாவியையும் பிடித்து, கட்டைவிரலால் ஒலியை மேல் ஸ்தாயிக்கு ஏற்றும் ரெஜிஸ்டர் சாவியையும் திறக்க வேண்டும். ஒரு விரல் ஓரத்தில் துளி இடைவெளி விட்டாலும் கீச்சென்று கத்தும். மூட்டு வலி உள்ள விரலுக்கு இது இன்னும் கடினம். அனுபவமுள்ள மாஸ்டர் இங்கே நிறுத்தி, ஜி, ஏ வாசிக்கும்போதே வலக்கை விரல்களை முன்கூட்டியே துளைகளில் மூடிவைக்கச் சொல்வார். அந்த ஸ்வரங்களின் சுருதி அதனால் பெரிதாக மாறாது, தாண்டும்போது வேலை பாதியாகக் குறையும். அனுபவமில்லாதவர் "கிளாரினெட், மறுபடி" என்று மட்டும் சொல்வார். மறுபடியும் கீச்சுத்தான் வரும். ஒரு மாஸ்டர் என்ன தவறு என்று சொல்கிறாரா, தவறு என்று மட்டும் சொல்கிறாரா என்பதற்கு இதைவிட நல்ல சோதனை தெரியவில்லை.

பேச்சைக் கவனியுங்கள். அறுபது எழுபது வயதில் பலருக்கு உயர்ந்த சுருதி ஒலிகள் காதில் மங்கிவிடும். வாத்தியச் சத்தம் அடங்குவதற்குள் எல்லா வாத்தியங்களின் வரிகளும் உள்ள தாளான ஸ்கோரைக் குனிந்து பார்த்தபடி "எழுபத்திரண்டிலிருந்து" என்று பார் எண்ணை (பார் என்பது தாளில் கோடு போட்டுப் பிரித்த ஒரு தாளச் சுற்று) முணுமுணுத்தால் பாதிப் பேருக்கு விழாது. அவர்கள் பக்கத்தில் கேட்பார்கள், பக்கத்தில் இருப்பவர் தன் இடத்தைத் தவறவிடுவார். நல்ல மாஸ்டர் சத்தம் முழுக்க அடங்கும்வரை காத்திருந்து, முகத்தைக் காட்டி, இடத்தை இரண்டு முறை சொல்லி, எல்லோர் கண்ணும் மேலே வந்த பிறகுதான் கையைத் தூக்குவார். "சி எழுத்து, அதற்கு முன்னால் நாலு பார்" என்று, தாளில் எழுத்தாகக் குறித்திருக்கும் தெரிந்த அடையாளத்தை முதலில் சொல்வார். "சி-க்கு நாலு பார் முன்னால்" என்று ஒரே மூச்சில் சொல்லி எண்ணவைக்க மாட்டார். பெரிய அறையில் இடுப்பில் மாட்டும் சிறிய மைக் வைத்துக்கொள்கிறவருக்கு என் முழு மதிப்பெண்.

கோலைப் பற்றி. புதியவர்கள் நிறைந்த பேண்டில் அழகான கை வீச்சு எதற்கும் உதவாது. ஒவ்வொரு அடியும் ஒரே உயரத்தில், கண்ணுக்குத் தெரிகிற ஒரு புள்ளியில் விழ வேண்டும். தொடங்கும் முன் கொடுக்கும் ஆயத்த அடி, பாட்டின் வேகத்திலேயே இருக்க வேண்டும். அதில் மாஸ்டரும் வாய் திறந்து மூச்சு இழுத்தால் எல்லோரும் சேர்ந்து இழுப்பார்கள், ஒலி ஒன்றாகத் தொடங்கும். ஆயத்த அடி ஒரு வேகத்திலும் முதல் பார் இன்னொரு வேகத்திலும் இருந்தால் முதல் நாலு அடி சிதறும். பழி வாசிப்பவர் மேல் விழும். இடக்கை வலக்கையைப் போலவே ஆடிக்கொண்டிருந்தால் அதுவும் நல்லதல்ல. பதினாறு பார் ஓய்வை எண்ணிக்கொண்டிருக்கும் டிராம்போன்காரருக்கு நுழையும் இடத்தைக் காட்டத்தான் இடக்கை. பெரியவர்கள் ஓய்வை எண்ணுவதில்தான் அதிகம் தடுமாறுவார்கள், விரலில் அவ்வளவு இல்லை.

வேகம். அமெரிக்க இசையமைப்பாளர் சூசாவின் மார்ச்சுகளை (அணிவகுப்பு இசை) நிமிடத்துக்கு 120 அடி போல வாசிப்பது வழக்கம். இரண்டாம் ஆண்டு பேண்டை அந்த வேகத்தில் இழுத்தால் உதடும் நாக்கும் பின்தங்கும். 92இல் சுத்தமாக நின்ற பிறகு நாலு நாலாக ஏற்றி 108இல் நிறுத்திக் கச்சேரி செய்கிற மாஸ்டர்தான் பேண்டின் மேல் அக்கறை உள்ளவர். கேட்பவருக்கு 108இல் சுத்தமாக வருவது போதும்.

பாட்டுத் தேர்வில் மாஸ்டரின் அறிவு அப்பட்டமாகத் தெரியும். பேண்டு இசையை அரையிலிருந்து ஆறு வரை தரம் பிரித்து விற்கிறார்கள். முதல் ஆண்டுக்கு அரையிலிருந்து ஒன்று, நன்றாக வாசிக்கிற பேண்டுக்கு இரண்டு, இரண்டரை. தரத்தைவிடப் பெரிய சிக்கல் ஆள் எண்ணிக்கை. புல்லாங்குழலும் சாக்ஸும் நிரம்பி வழியும்; ஹார்ன் ஒருவர், டூபா இல்லவே இல்லை. அந்தப் பேண்டில் வழக்கமான ஸ்கோரைப் போட்டால் அடித்தளம் காணாமல் போகும். ஐந்து குரலாகப் பிரித்து ஒவ்வொரு குரலையும் பல வாத்தியங்களில் எதுவும் எடுக்கும்படி எழுதிய ஸ்கோர்கள் இருக்கின்றன, அதை வாங்குகிறவர் தன் பேண்டை அறிந்தவர். டூபா வரியை பேஸ் கிளாரினெட்டுக்கும் பாரிடோன் சாக்ஸுக்கும் மாற்றி எழுதிக் கொண்டுவருகிறவர் அதற்கும் மேல்.

உதட்டுக் களைப்பை மறந்துவிடும் மாஸ்டர்கள் உண்டு. புதிய டிரம்பெட்காரரின் உதடு கொஞ்ச நேரம்தான் தாங்கும், அதற்கு மேல் மவுத்பீஸை (வாய் வைத்து ஊதும் பகுதி) முகத்தில் அழுத்திச் சத்தம் வரவழைப்பார். அழுத்தினால் ஒலி இறுகும், உதடு வீங்கும், மறுநாள் பயிற்சி போச்சு. அதனால் உயர ஸ்வரம் உள்ள இரண்டு பாட்டை அடுத்தடுத்து வைக்கக் கூடாது. பித்தளை வாத்தியம் ஓய்வெடுக்கும்போது மரக்குழல் வரிசையைத் தனியாகத் திருத்துவது, நடுவில் பத்து நிமிட இடைவேளை, இவை இருக்கின்றனவா பாருங்கள்.

வாத்தியம் தேர்ந்தெடுக்கும் நாளில் மாஸ்டர் உங்கள் உடலைப் பற்றிக் கேட்கிறாரா? கேட்க வேண்டும். கிளாரினெட்டின் எடை சுமார் 800 கிராம், மொத்தமும் வலக்கைக் கட்டைவிரலில். கழுத்துப்பட்டை போட்டால் அந்தச் சுமை இறங்கும். புல்லாங்குழலில் துளையுள்ள சாவியைவிட மூடிய சாவி மூட்டுவலிக் கைக்கு எளிது. டிராம்போனில் குழாயை நீட்டிப் பிடிக்கும் ஏழு நிலைகளில் ஆறாம், ஏழாம் நிலைக்குக் கை எட்டாதவர், தோள் வலி உள்ளவர் எஃப் டிரிகர் (கட்டைவிரலால் இயக்கும் கூடுதல் வால்வு) உள்ளதை வாங்கினால் ஆறாம் நிலை சி-யை முதல் நிலையிலேயே எடுக்கலாம். மேல்வரிசைப் பல்செட் உள்ளவருக்கு டிரம்பெட் சிரமம், அழுத்தத்தில் செட் நகரும். அகலமான மவுத்பீஸ் உள்ள யூஃபோனியம் என்ற பித்தளை வாத்தியம் பெரும்பாலும் ஒத்துவரும். முன்பல்லில் வேலை செய்துகொள்ளப் போகிறவர் பழைய வடிவம் மாறாமலிருக்க, அதற்கு முன்பே பல் மருத்துவரிடம் அச்சு எடுத்துவைக்கச் சொல்ல வேண்டும். ஓபோ, டிரம்பெட் போல எதிரழுத்தம் அதிகமுள்ள வாத்தியத்தை ஊதும்போது கண்ணின் உள்ளழுத்தம் ஏறும். கண் அழுத்த நோயான கிளாக்கோமா உள்ளவர் கண் மருத்துவரிடம் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. கண்ணாடிக்கும் ஒரு வார்த்தை: ஸ்டாண்டு 60 முதல் 75 செ.மீ. தூரத்தில் நிற்கும். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் இரண்டு பாதியாகச் செய்த பைஃபோகல் கண்ணாடியில் அந்தத் தூரம் எந்தப் பாதியிலும் சேராது, தலையைத் தூக்கித் தூக்கிக் கழுத்து வலிக்கும். அந்தத் தூரத்துக்கென்று ஒரு தனிக் கண்ணாடி போட்டுக்கொள்வது இந்தப் பொழுதுபோக்கில் மிகப் பயனுள்ள செலவு. இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்டு வைக்கும் பேண்டில் அதுவும் கெடும்.

குறைகளும் இருக்கின்றன. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்கள் மாஸ்டராக வருவது வழக்கம். அவர்களில் மிகச் சிறந்தவர்கள் உண்டு. சிலர் பள்ளிப் பழக்கத்தையும் கூடவே கொண்டுவருகிறார்கள்: ஒருவரைத் தனியாக எழுப்பி வாசிக்கச் சொல்வது, முதல் நாற்காலி, கடைசி நாற்காலி என்று திறமைப்படி வரிசைப்படுத்துவது. நாற்பது வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரை எல்லோர் முன்னும் தனியாக வாசிக்கவைத்தால் அடுத்த வாரம் அவர் வரமாட்டார். இதற்கு நேர் எதிர்க்கோடியிலும் தவறு நடக்கிறது. முடிந்தவரை வாசித்தால் போதும் என்ற நல்ல கொள்கையைத் திருத்தவே கூடாது என்று புரிந்துகொள்ளும் மாஸ்டரிடம் பேண்டு வருடக்கணக்கில் அதே இடத்தில் நிற்கும். வாசிக்க வருகிறவர்கள் பாராட்டுக்கு மட்டும் வருவதில்லை. நன்றாக வாசிக்கத்தான் வருகிறார்கள்.

இன்னொரு குறை, தரம் பிரிக்காத பேண்டு. மூன்றாம் ஆண்டுக்காரரும் முதல் மாதக்காரரும் ஒரே ஒத்திகையில் இருந்தால் ஒருவருக்குச் சலிப்பு, இன்னொருவருக்குத் திணறல். தொடக்கநிலை, இடைநிலை, மேல்நிலை என்று பிரித்து, கீழ்நிலைக்கும் அதே தரமுள்ள மாஸ்டரைப் போட்டிருக்கும் ஊர்தான் சேர வேண்டிய ஊர். பல இடங்களில் நல்ல மாஸ்டரை மேல்நிலைக்கு வைத்துவிட்டு, தொடக்கநிலையை யாராவது ஒருவரிடம் விட்டுவிடுகிறார்கள். தொடக்கநிலைக்குத்தான் கைதேர்ந்தவர் தேவை.

தனியாகச் சோலோ வாசிக்கும் அளவுக்கு வேகமாக முன்னேற நினைப்பவருக்கு இது மட்டும் போதாது. தனி ஆசிரியரிடம் வாரம் அரை மணி நேரம் கற்பதைக் கூடச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜாஸ் வாசிக்க விரும்புவோரும் உள்ளூர் பேண்டில் அதற்கெனத் தனிக்குழு இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளட்டும்.

காது கருவி போடுகிறவர் சேருவதற்கு முன் ஆடியாலஜிஸ்டை (செவித்திறன் நிபுணர்) பார்த்து இசைக்கென்று தனி புரோகிராம் அமைத்துக்கொள்ளுங்கள். பேச்சுக்கான அமைப்பு, புல்லாங்குழலின் மேல் ஸ்வரத்தை விசில் சத்தம் என்று எடுத்துக்கொண்டு அடக்கப் பார்க்கும். ஸ்வரம் நடுங்குவது போலக் கேட்கும், சுருதி சேர்க்கவே முடியாது. விசில் சத்தத்தை அடக்கும் ஃபீட்பேக் அடக்கியைக் குறைத்து, சத்தத்தை அமுக்கும் அளவையும் தளர்த்தச் சொல்ல வேண்டும். வாத்தியத்தைக் கூடவே எடுத்துக்கொண்டு போய் அங்கேயே ஊதிக் காட்டினால் அமைப்பது எளிது. பிறகு அந்த புரோகிராமுக்கு மாறும் பட்டன் எது என்பதை வீட்டிலேயே பழகிக்கொண்டு ஒத்திகைக்குப் போங்கள், மாஸ்டர் பேசும்போது பேச்சு அமைப்புக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.