நாகர்கோவிலில் வாங்கிய சீன மூலிகைத் தூள்: இரத்த அழுத்தத்துக்குப் பயன்பட்டதா?

உயர் இரத்த அழுத்தம் உள்ள என் தந்தைக்காக, நாகர்கோவில் கடையொன்றில் ‘தியன்மா கோத்தெங்’ என்னும் சீன மூலிகைத் தூளை வாங்கினேன். தலைவலி, தலைச்சுற்றல், உறக்கமின்மை ஆகியவற்றோடு வரும் அழுத்தத்துக்குச் சீன வைத்தியர்கள் தரும், 11 சரக்குகள் சேர்ந்த கஷாயத்தின் உலர்ந்த வடிவம் இது. வெந்நீரில் எளிதாகக் கரைகிறது. நிலவேம்பு குடித்துப் பழகியவருக்குக் கசப்பு பொருட்டல்ல. அபலோன் என்னும் கடல் நத்தையின் ஓடு இதில் சேர்வதைச் சைவ உணவினர் அறிந்திருப்பது நல்லது.

மருத்துவரின் ஒப்புதலோடு, வழக்கமான மாத்திரையை நிறுத்தாமல் தந்தை சில வாரங்கள் அருந்தினார். உறக்கம் மேம்பட்டதாகச் சொன்னார். வீட்டுக் கருவி காட்டும் அளவு அசையவில்லை.

என் பெரிய குறை பாக்கெட்டின் மீதுதான். சரக்குகளின் அளவு சீன எழுத்தில் மட்டுமே இருப்பதால், எது எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அறிய முடியவில்லை. அதை அறிவது முக்கியம். பல சீனக் கலவைகளில் சேரும் அதிமதுரம் அதிகமானால் பொட்டாசியத்தைக் குறைத்து அழுத்தத்தை ஏற்றும். எபிட்ரா எனப்படும் மாஹுவாங் மூலிகையும் அழுத்தத்தை உயர்த்தும். தன்ஷென் என்னும் சீன மூலிகை வேர், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை உண்போருக்கு இரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும். இவ்வளவு இருக்க, மாத்திரையை விட்டுவிடலாம் என்று கடைக்காரர் சொன்னது பொறுப்பற்ற பேச்சு.

மூலிகை என்பதாலேயே இதை ஒதுக்கவும் நான் சொல்லவில்லை. நம் சர்ப்பகந்தி வேரிலிருந்து 1952-இல் பிரித்தெடுக்கப்பட்ட ரெசர்பின், அழுத்தத்துக்கான மருந்தாகவே உலகெங்கும் பயன்பட்டது. ஆயினும் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியாக மாத்திரை இலவசமாக வீட்டுக்கே வரும்போது, பணம் கொடுத்து இரண்டாவது பாக்கெட் வாங்க மாட்டேன்.