டைமிங் பெல்ட் கிட்: பெட்டியைப் பிரித்ததும் டென்ஷனரைப் பாருங்கள்

எஞ்சினில் கிராங்க்கையும் (பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டு) கேமையும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஒரே தாளத்தில் சுற்றவைப்பது டைமிங் பெல்ட். அதன் கிட் வாங்கியதும் எல்லோரும் முதலில் பெல்ட்டைத்தான் எடுத்துப் பார்க்கிறார்கள். நல்ல கம்பெனி பெல்ட்டுகள் பெரும்பாலும் ஒரே கட்டமைப்புதான்: எச்.என்.பி.ஆர். ரப்பர், உள்ளே கண்ணாடி இழைக் கயிறு, பல்லின் மேல் நைலான் துணி. தரம் பிடிபடுவது டென்ஷனரிலும் (பெல்ட்டை விறைப்பாக வைக்கும் உருளை) ஐட்லரிலும் (பெல்ட்டுக்கு வழிகாட்டும் உருளை).

டென்ஷனரைக் கையில் பிடித்து உருளையைச் சுண்டிவிடுங்கள். கிரீஸ் நிரம்பிய புது பேரிங் லேசான இழுவையோடு சுற்றி, சீக்கிரமே நின்றுவிடும். பம்பரம் மாதிரி சரசரவென்று ஓடிக்கொண்டே இருந்தால் கிரீஸ் போதவில்லை என்று சந்தேகப்படலாம். விரலுக்குச் சொரசொரப்பு தட்டினாலும், உருளை பக்கவாட்டில் ஆடினாலும் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்த பேரிங் ஓட்டத்தில் இறுகிவிட்டால் பெல்ட் எவ்வளவு புதிதாக இருந்தும் பயனில்லை. உரசிச் சூடேறி அறுந்துவிடும். வால்வும் பிஸ்டனும் மோதும் வகை எஞ்சினாக இருந்தால் அடுத்து வால்வு வளையும், ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும்.

பெல்ட் மட்டும் தனியாக வாங்கினால் மிச்சம் என்பது கணக்குத் தப்பு. பழைய டென்ஷனரும் பெல்ட் ஓடிய அதே கிலோமீட்டர் ஓடியதுதானே? வாட்டர் பம்பை டைமிங் பெல்ட்டே சுற்றும் எஞ்சினுக்கு, பம்ப் சேர்ந்த கிட்தான் சரி. பம்ப் கசிந்தால் கூலண்ட் புது பெல்ட் மேலேயே இறங்கும். அதைச் சரிசெய்ய மவுன்ட், புல்லி, கவர் எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும். இந்த வேலையில் பொருளைவிடக் கூலிதான் கனம்.

கிட்டில் பெரிய குறை, கிராங்க், கேம் ஆயில் சீல்கள் பெரும்பாலும் வராது. கசியும் சீலை அப்படியே விட்டுப் புது பெல்ட் போட்டால், ஆயில் ஊறி ரப்பர் உப்பி, பற்கள் பெயர்ந்துவிடும். கிராங்க் புல்லி போல்ட்டும் பல எஞ்சின்களில் ஒருமுறை முறுக்கினால் நீண்டுவிடும் வகை. கிட்டில் இல்லையென்றால் தனியாக வாங்குங்கள். சுருட்டி மடித்து, இறுக்கக் கட்டி வைத்த பெல்ட்டைத் தொடவே வேண்டாம். உள்ளே கண்ணாடி இழை முறிந்திருந்தால் வெளியே தெரியாது.

எஞ்சின் ஆறிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டால் கிராங்க் கையாலேயே சுலபமாகச் சுற்றும். கிராங்க், கேம் பல்சக்கரங்களில் உள்ள மார்க்குகளை நேராக்கி, கேம் அசையாமல் இருக்க லாக் பின்னைச் செருகுங்கள். புல்லி போல்ட்டைத் தளர்த்த அந்தப் பின்னையே பிடிமானமாக நம்புவது பலரும் செய்யும் தவறு. அந்தப் பின்னே முறியும், இல்லையென்றால் கேம் காயமாகும். புல்லியைப் பிடிக்க அதற்கென்று உள்ள கருவி வேண்டும்.

பெல்ட்டைக் கிராங்க் பல்லில் தொடங்கி, டென்ஷனர் இல்லாத பக்கத்தை விறைப்பாக வைத்துக்கொண்டே கேம் வரை ஏற்றி, கடைசியாக டென்ஷனருக்குக் கொண்டுவாருங்கள். தொய்வு முழுக்க டென்ஷனர் பக்கம்தான் சேர வேண்டும். முள் உள்ள டென்ஷனரில், அம்பு காட்டும் திசையில் ஆலன் கீயால் திருப்பி, முள் பள்ளத்துக்கு நேரே வந்ததும் நட்டை டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) இறுக்குங்கள். எத்தனை நியூட்டன் மீட்டர் என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். கையேட்டைப் பார்க்காமல் ஊகிக்காதீர்கள்.

லாக் பின்னை எடுத்துவிட்டு, கிராங்கை அது ஓடும் திசையிலேயே சாக்கெட்டால் 2 முழுச் சுற்று சுற்றுங்கள். கிராங்க் 2 முறை சுற்றினால்தான் கேம் 1 முறை சுற்றும். மார்க்குகள் அப்போதுதான் மறுபடி சந்திக்கும். நடுவில் கெட்டியாகத் தடுத்தால் அழுத்தாதீர்கள், பிஸ்டன் வால்வைத் தொடுகிறது என்று அர்த்தம். ஒரு பல் தள்ளி இருந்தாலும் கழற்றி மாட்டுவது தவிர வழியில்லை. முள்ளையும் ஒருமுறை சரிபாருங்கள், பெல்ட் படிந்ததும் சற்று நகர்ந்திருக்கலாம்.

ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்ற ஊளை வந்தால் இறுக்கம் அதிகம், கவருக்குள் படபடவென்று அடித்தால் குறைவு. இரண்டுக்கும் உடனே எஞ்சினை நிறுத்துங்கள்.

சில கிட்களில் தேதியும் கிலோமீட்டரும் எழுதும் ஸ்டிக்கர் ஒன்று கிடக்கும். பலரும் அதைப் பெட்டியோடு குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அதை எழுதி கவரின் மேல் ஒட்டுங்கள், கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும்.