பருவத்துக்கு ஒரு புத்தகமா, வருஷத்துக்கு ஒரு புத்தகமா? எங்கள் வீட்டில் இரண்டையும் பார்த்தாகிவிட்டது

புதுவண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு பாடத்திட்டம் ஓடுகிறது. பெரியவன் சிபிஎஸ்இ. 2022-23இல் ஆறாவது படித்தான், இப்போது ஒன்பதாவது. சின்னவள் மாநிலப் பாடத்திட்டம், அரசு உதவி பெறும் பள்ளியில் ஆங்கில வழி. 2024இல் ஆறாவது சேர்த்தோம், இப்போது ஏழாவது. அண்ணன் பள்ளியிலேயே இவளையும் சேர்த்திருக்கலாம், இடமும் கிடைத்திருக்கும். யோசித்துத்தான் மாற்றிச் சேர்த்தேன். தெருவில் ஐந்தாவது முடிக்கிற பிள்ளை வைத்திருப்பவர்கள் எல்லாரும் "இது ரெண்டுல எது நல்லதுக்கா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாசலில் நின்று சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆறு முதல் எட்டு வகுப்புகளைப் பற்றி மட்டும்.

பணத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். உதவி பெறும் பள்ளியில் புத்தகம் இலவசம், மதியம் சத்துணவு உண்டு. சிபிஎஸ்இ தனியார் பள்ளியில் கட்டணம், வேன், புத்தகம் எல்லாம் நம் கையை விட்டுத்தான். சின்னவள் நடந்தே போய்விடுகிறாள். பெரியவன் வேன் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்கிற நாட்களில் வீடு வந்து சேர மாலை ஐந்தரை ஆகிவிடும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், இதற்காக நான் முடிவெடுக்கவில்லை.

முதலில் பாடம் எப்படிப் பிரிகிறது என்று பார்த்துவிடலாம். மாநிலப் பாடத்திட்டத்தில் 2012-13இல் முப்பருவ முறை வந்தது. இந்த மூன்று வகுப்புகளில் இப்போது அது ஆறுக்கும் ஏழுக்கும்தான், எட்டாவதைக் கடைசியில் சொல்கிறேன். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை முதல் பருவம், டிசம்பர் வரை இரண்டாவது, ஏப்ரல் வரை மூன்றாவது. வாயில் இன்னும் காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு என்றுதான் வருகிறது. ஆனால் ஒவ்வொரு தேர்வுக்கும் அந்தந்தப் பருவத்துப் பாடம் மட்டும்தான். பருவம் முடிந்தால் அந்தப் புத்தகம் அலமாரிக்குப் போய்விடும். மதிப்பெண் நூறில் அறுபது தொகுத்தறித் தேர்வுக்கு, அதாவது பருவக் கடைசியில் எழுதுகிற தேர்வுக்கு. மீதி நாற்பது வளரறி மதிப்பீடு, அதாவது செயல்பாடுகளும் சின்னச் சின்னத் தேர்வுகளும்.

ஆறாம் வகுப்புக் கணக்கில் முதல் பருவத்தில் எண்கள், இயற்கணித அறிமுகம், விகிதம், வடிவியல், புள்ளியியல். இரண்டாவதில் பகா எண்கள், மீப்பெரு பொதுக் காரணி, மீச்சிறு பொது மடங்கு, அளவைகள், பட்டியல், இலாபம், நட்டம். பின்னங்கள், முழுக்கள், சுற்றளவு, பரப்பளவு எல்லாம் மூன்றாவதில். அறிவியலில் முதல் பருவம் அளவீடுகளில் தொடங்கி விசை, தாவரம், விலங்கு, உடல்நலம் என்று போகும். வெப்பம், மின்சாரம், காற்று, செல் எல்லாம் இரண்டாவதில், காந்தம், நீர், சுற்றுச்சூழல் மூன்றாவதில். ஒவ்வொரு பருவத்திலும் கணினிக்கென்று ஒரு பாடம் உண்டு. சமூக அறிவியல் சிந்துவெளியிலும் பூம்புகாரிலும் தொடங்கி, வேதகாலம், பேரரசுகள் வழியாக, மூன்றாம் பருவத்தில் சங்ககாலத்துக்கும் தென்னிந்திய அரசுகளுக்கும் வருகிறது. அதே பருவத்தில் உள்ளாட்சி, பேரிடர், சாலைப் பாதுகாப்பு, ஆசியா, ஐரோப்பா எல்லாம் சேர்ந்து குவிகிறது. பொங்கல் விடுமுறை போக மிஞ்சுகிற நாட்களுக்கு இது அதிகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சிபிஎஸ்இயில் பையனுக்கு ஏப்ரலிலேயே வருஷம் தொடங்கிவிட்டது. கணக்குக்கு ஒரே புத்தகம், அறிவியலுக்கு ஒரே புத்தகம். சமூக அறிவியலுக்கு மட்டும் வரலாறு, புவியியல், குடிமையியல் என்று மூன்று. இடையிடையே சின்னத் தேர்வுகள், செப்டம்பரில் அரையாண்டு, மார்ச்சில் ஆண்டுத் தேர்வு. அவன் பள்ளியில் ஆண்டுத் தேர்வுக்கு முதல் பாதியிலிருந்தும் பாடம் வந்தது. இது பள்ளிக்குப் பள்ளி மாறும், சேர்க்கும்போதே கேட்டுவிடுங்கள்.

இனி என்னை முடிவெடுக்க வைத்த விஷயம். பிள்ளை எங்கேயாவது வழுக்கினால், வீட்டில் இருப்பவர்களால் பிடித்துத் தூக்கிவிட முடியுமா? நான் அதைத்தான் பார்த்தேன். ஆறாவதிலிருந்து எட்டாவது வரை வழுக்காத பிள்ளை இல்லை. வடசென்னையில் மழைக்காலம் வந்தால் ஒரு காய்ச்சலாவது வந்துவிட்டுத்தான் போகும்.

பெரியவனுக்கு ஆறாவது படிக்கும்போது அக்டோபரில் டெங்கு வந்தது. ஆஸ்பத்திரி, வீடு, அதற்கப்புறம் உடம்பு தேற என்று கிட்டத்தட்ட ஒரு மாதம் போய்விட்டது. அந்த ஒரு மாதத்தில் வகுப்பில் முழுக்களும் பின்னங்களும் முடிந்திருந்தன. திரும்பிப் போன அன்றைக்குத் தசமம் நடந்துகொண்டிருந்தது. பின்னம் தெரியாத பிள்ளைக்குத் தசமம் எப்படிப் புரியும்? அதையடுத்துப் புள்ளிவிவரம், சுற்றளவு, கடைசியில் விகிதம். எல்லாம் பின்னத்தின் தலைமேல்தான் உட்கார்ந்திருந்தன. புத்தகத்தைத் திறந்தால் விட்டது முன்னால் நாற்பது பக்கம், நடப்பது பின்னால். எந்தப் பக்கத்தில் விரலை வைப்பது என்றே எங்களுக்குத் தெரியவில்லை. மார்ச் வரை அந்தக் கடன் தீரவில்லை. ஜனவரியில் ட்யூஷன் சேர்த்தோம்.

சொல்லிக் கொடுக்க நான் உட்காராமல் இல்லை. நான் பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவள். மீப்பெரு பொதுக் காரணி என்றால் எனக்குக் கை தானாக ஓடும். அதையே ஹெச்சிஎஃப் என்று பார்த்தால் ஒரு நிமிடம் நின்றுவிடும். பையன் படித்தது மத்திய அரசின் என்சிஇஆர்டி புத்தகங்கள், அதில் எனக்குக் கிடைத்ததெல்லாம் ஆங்கிலமும் இந்தியும்தான். ஒரு வரி படித்து, மனசுக்குள் தமிழாக்கி, மறுபடி அவனுக்காக ஆங்கிலத்தில் சொல்வதற்குள் அவன் தூங்கிவிடுவான்.

சின்னவளுக்கு வந்தது மஞ்சள்காமாலை. 2024 ஜூலை, பள்ளி திறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கீழாநெல்லியும் மோருமாக மூன்று வாரத்துக்கு மேல் படுக்கை. அவள் விட்டது விகிதமும் விகித சமமும். அறிவியலில் இரண்டு பாடம் போனது. காலாண்டில் கணக்கில் மதிப்பெண் குறைந்தது உண்மை. வளரறிச் செயல்பாடுகளை மட்டும் ஆசிரியர் ஆகஸ்ட் கடைசியில் செய்ய விட்டார். தாவரங்கள் பாடத்துக்கு இலை ஒட்டிய சார்ட் ஒன்று, அப்புறம் ஒரு சின்னத் தேர்வு. அக்டோபரில் புதுப் புத்தகம் கைக்கு வந்தது. முதல் பக்கத்திலிருந்து எல்லாப் பிள்ளைகளோடும் சேர்ந்து இவளும் தொடங்கினாள். இரண்டாம் பருவக் கணக்குக்கு விகிதம் பெரிதாகத் தேவைப்படவில்லை. விட்ட பாடம் இவளை மறுபடி தேடி வந்தது ஏழாம் வகுப்பு முதல் பருவத்தில், நேர் விகிதம், எதிர் விகிதம் என்ற பெயரில். அதற்குள் ஒரு காலாண்டு விடுமுறையும் ஒரு முழு ஆண்டு விடுமுறையும் எங்கள் கையில் இருந்தன. அலமாரியிலிருந்து மெலிசான அந்த முதல் பருவப் புத்தகத்தை எடுத்தோம், ஒரே ஒரு பாடம், பத்து நாள். தீர்ந்தது.

அந்தப் பத்து நாளும் நான் எப்படிச் சொல்லிக் கொடுத்தேன் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதைப் பல பேர் கவனிப்பதில்லை. மாநிலப் பாடநூல் தமிழ் வழிக்கும் ஆங்கில வழிக்கும் ஒன்றுதான். அதே பாடம், அதே கணக்கு, அதே படம், மொழி மட்டும் வேறு. அரசே இணையத்தில் இரண்டையும் இலவசமாக வைத்திருக்கிறது. நான் தமிழ் வழிப் புத்தகத்தை செல்போனில் இறக்கிக்கொண்டேன். அவள் முன்னால் ஆங்கிலப் புத்தகம், என் கையில் அதன் தமிழ். நான் தமிழில் விளக்குவேன், அவள் ஆங்கிலத்தில் எழுதுவாள். எடுத்துக்காட்டு 3 என்றால் இரண்டு பேருக்கும் ஒரே கணக்குதான். புத்தகத்தில் க்யூஆர் கோடும் இருக்கிறது, ஸ்கேன் செய்தால் வீடியோ வரும். அதை நாங்கள் அதிகம் பயன்படுத்தவில்லை. எனக்கு அந்தத் தமிழ்ப் பக்கமே போதுமாக இருந்தது.

எங்கள் மாமியாரும் இதில் சேர்ந்துகொண்டார். அவர் காசிமேட்டில் ஏலம் எடுத்து, கல்மண்டபம் பக்கம் உட்கார்ந்து முப்பது வருஷம் மீன் விற்றவர். இரண்டாம் பருவத்தில் இலாபம், நட்டம் வந்தபோது நான் தமிழில் கணக்கை வாசித்தேன். 1,200 ரூபாய்க்கு வாங்கி 1,500 ரூபாய்க்கு விற்றால் இலாபம் எவ்வளவு? சின்னவள் 300 என்று எழுதிவிட்டு நிமிர்ந்தாள். பூண்டு உரித்துக்கொண்டிருந்த ஆயா, "ஐஸுக்கு துட்டு யாரு குடுப்பா? ஆட்டோவுக்கு? அத்தயும் போட்டுக் கழி கண்ணு" என்றார். அன்றைக்கு ஒரு கூடை சங்கராவுக்கு ஐஸ், ஆட்டோ, உட்காருகிற இடத்துக்குக் கொடுக்கிற காசு எல்லாம் எழுதி, அடக்க விலை என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று பாட்டியும் பேத்தியும் கண்டுபிடித்தார்கள். விடைத்தாளில் 300தான் சரி. ஆனால் அந்தப் பாடத்தில் அவளுக்கு அதற்கப்புறம் சந்தேகமே வரவில்லை. பையன் புத்தகத்தில் ஆயாவால் இப்படி நுழைய முடிந்ததே இல்லை.

தமிழ்ப் பாடத்தையும் சொல்ல வேண்டும். ஆறாவது முதல் பருவத்தில் பறவைகள் வலசை போவதைப் பற்றி ஒரு பாடம். காமாலையில் படுத்திருந்தபோது அவள் தானாக எடுத்துப் படித்தது அது ஒன்றுதான். உடம்பு தேறி, குளிர்காலம் வந்ததும் பழவேற்காட்டுக்குப் போய்ப் பூநாரை பார்த்துவிட்டு வந்தோம். இரண்டாம் பருவத்தில் மீனவர்கள் பாடுகிற நாட்டுப்புறப் பாட்டு ஒன்று வருகிறது. அதை அவள் சத்தமாகப் படித்தபோது ஆயா பூண்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பெரியவனுக்குத் தமிழ், ஆங்கிலம், இந்தி என்று மூன்று மொழி. வாரத்தில் தமிழுக்குக் கிடைத்த பீரியட் கொஞ்சம்தான். இன்றைக்கும் அவன் செய்தித்தாளை எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். இந்தி எழுதப் படிக்கத் தெரிந்தது லாபம்தான், மறுக்கவில்லை. தமிழ் போன விலைக்கு அது ஈடா என்று கேட்டால் எனக்கு இல்லை.

மாநிலப் புத்தகத்தில் குறை இல்லையா? இருக்கிறது. விகிதத்தை முதல் பருவத்தில் வைத்துவிட்டுப் பின்னத்தை மூன்றாவதில் வைத்தது எனக்குச் சரியாகப் படவில்லை. ஐந்தாவதில் பின்னத்தைச் சரியாகப் பிடிக்காத பிள்ளை விகிதத்தில் திணறும். இந்த வரிசையில் பையனின் புத்தகம்தான் ஒழுங்கு: பின்னம், தசமம், கடைசியில் விகிதம். அப்புறம் மறதி. பருவம் முடிந்ததும் புத்தகத்தோடு பாடத்தையும் அலமாரியில் வைத்துவிடுகிற பழக்கம் வந்துவிடுகிறது. டிசம்பரில் போய் முதல் பருவத்துச் சூரியக் குடும்பத்தைக் கேட்டால் இவள் விழித்தாள். இதற்காக மாதத்தில் ஒரு ஞாயிறு பழைய புத்தகத்துக்கு என்று வைத்திருக்கிறோம். கைடு இன்னொரு தொல்லை. பாடத்தின் பின்னால் இருக்கிற கேள்விகளுக்கு அச்சடித்த பதிலை அப்படியே உருப்போடுகிற பிள்ளைகள் நிறைய. நான் கைடு வாங்கித் தரவில்லை.

சிபிஎஸ்இயில் பையனுக்குக் கிடைத்த நல்லதும் உண்டு. அறிவியலில் "ஏன்" என்று கேட்கக் கற்றுக்கொண்டான். கேள்வியை நீட்டி வளைத்துக் கேட்டாலும் பயப்படுவதில்லை. இவள் புத்தகத்தில் இருக்கிற வார்த்தை கேள்வியில் இல்லையென்றால் இன்னும் தடுமாறுகிறாள். ஆறாம் வகுப்பு என்சிஇஆர்டி புத்தகங்கள் 2024-25இல் முழுதாக மாறிவிட்டன. சமூக அறிவியல் மூன்று புத்தகம் இப்போது ஒன்றாகிவிட்டது, கணக்குப் புத்தகம் எண்களிலும் வடிவங்களிலும் வருகிற அமைப்புகளில், அதாவது பேட்டர்னில், தொடங்குகிறது. பக்கத்து வீட்டுப் பையனிடம் வாங்கி ஒரு வாரம் புரட்டினேன், பார்க்க நன்றாகவே இருக்கிறது. அதை வைத்து ஒரு வருஷம் பிள்ளையைப் படிக்க வைத்தவள் இல்லை நான். அதனால் பையன் படித்த பழைய புத்தகத்தை வைத்து நான் சொன்னதை அதன் தலையில் ஏற்ற மாட்டேன். வீட்டில் ஆங்கிலத்தில் படித்த பெற்றோர் இருந்து, அவர்களுக்குச் சாயங்காலம் நேரமும் இருந்தால், என் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது. அடிக்கடி வெளிமாநிலத்துக்கு மாற்றலாகிற வேலை என்றால் சிபிஎஸ்இதான் வசதி. பத்தாவதுக்கு மேல் நுழைவுத் தேர்வு என்று வரும்போது எது கை கொடுக்கும் என்பதற்கு என் வீட்டில் இன்னும் பதில் வரவில்லை. பெரியவன் அங்கே போக இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது.

என் கவலை இப்போது எட்டாவதைப் பற்றி. ஆறுக்கும் ஏழுக்கும் பருவப் புத்தகம், எட்டாவதுக்கு மட்டும் மாநிலப் பாடத்திட்டத்திலும் வருஷம் முழுக்க ஒரே புத்தகம். தமிழில் மட்டும் ஒன்பது இயல். மாடி வீட்டுப் பெண் போன வருஷம் படித்த செட்டை இப்போதே கேட்டு வாங்கி வைத்துவிட்டேன். கணக்கையும் அறிவியலையும் மூன்று மூன்றாகப் பிரித்துத் தனித்தனி அட்டை போட்டுத் தர முடியுமா என்று பைண்டிங் கடைக்காரரிடம் கேட்டேன். எந்தப் பக்கத்தில் வெட்டுவது என்று குறித்துக் கொண்டு வரச் சொன்னார். இந்த ஞாயிறு சின்னவளோடு உட்கார்ந்து பென்சிலில் கோடு போட வேண்டும்.