எம்பிஏ ப்ராஜெக்ட்: சர்வேயா, ஆண்டறிக்கையா, ஷாப் ஃப்ளோரா?

கடைசி செமஸ்டர் வந்ததும் வகுப்பில் பலரும் "பணியாளர் மனநிறைவு" என்று தலைப்பு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். நானும் அதைத்தான் கொடுத்தேன். இப்போது ஜூனியர்கள் கேட்டால், தலைப்பு அப்புறம், டேட்டா யார் கையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள் என்பேன். டேட்டாவுக்கு மூன்று வழி: சர்வே, கம்பெனி ஆண்டறிக்கை, ஷாப் ஃப்ளோர் (தொழிற்சாலையில் மெஷின் ஓடும் இடம்).

சர்வே எளிது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் மூன்றிலும் கடினமானது அதுதான். 500 பேர் வேலை பார்க்கும் கம்பெனிக்கு எத்தனை பேரைக் கேட்டால் போதும் என்று சொல்லும் கிரெஜ்சி-மார்கன் அட்டவணைப்படி 217 பேரிடம் பதில் வாங்க வேண்டும். எனக்குக் கிடைத்தது 120. அதுவும் அன்றைக்கு ஹெச்ஆர் அனுப்பிவைத்தவர்கள். சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கும்போது யார்தான் "திருப்தி இல்லை" என்று டிக் அடிப்பார்? திருப்பூர் மாதிரி ஊரில் ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் நிறைய. படிவம் அவர்கள் மொழியில் இருக்க வேண்டும்.

அடுத்தது கை-ஸ்கொயர், அதாவது வயதுக்கும் பதிலுக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கும் புள்ளியியல் சோதனை. வயதில் 5 பிரிவு, லைக்கர்ட் அளவுகோலில் ("மிகவும் திருப்தி" முதல் "திருப்தியே இல்லை" வரை) 5 பதில் என்றால் 25 கட்டங்கள். 120 பேரைப் பிரித்தால் கட்டத்துக்குச் சராசரியாக 4.8. ஒரு கட்டத்தின் எதிர்பார்ப்பு எண்ணிக்கை (தொடர்பே இல்லை என்றால் அதில் விழ வேண்டிய எண்ணிக்கை) 5-க்குக் குறையக் கூடாது என்ற பொது விதி அங்கேயே உடைகிறது. வைவாவில் (நேர்முகத் தேர்வில்) இதைக் கேட்டால் மாட்டிக்கொள்வோம். வயதை 2, பதிலை 3 பிரிவாகச் சுருக்கினால் 6 கட்டம்தான், சராசரி 20.

ஆண்டறிக்கையை எடுத்தால் யாரிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டாம். பட்டியலிட்ட கம்பெனிகளின் அறிக்கைகள் பிஎஸ்இ, என்எஸ்இ தளங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. பகலில் வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கு இதுதான் சரி. ஆனால் விகிதங்களைக் கணக்குப் போட்டு வரைபடம் ஒட்டினால் அது ஆய்வு ஆகாது. 2019 ஏப்ரல் 1 முதல் இந்த் ஏஎஸ் 116 என்ற குத்தகைக் கணக்கியல் விதி நடைமுறைக்கு வந்து, குத்தகைக்கு எடுத்த கடைகளும் கட்டடங்களும், அவற்றுக்கு இனிக் கட்ட வேண்டிய வாடகையும் பேலன்ஸ் ஷீட்டுக்குள் வந்தன. இது தெரியாத மாணவர், 2019-20-ல் கம்பெனியின் பொறுப்புகள் ஏறியதைப் பார்த்து "கடன் வாங்கிக் குவித்தது" என்று எழுதிவிடுவார். கம்பெனி திவாலாகுமா என்று கணிக்கும் ஆல்ட்மேனின் இசட் ஸ்கோரிலும் அதே கவனம் தேவை. 1968-ல் அமெரிக்க உற்பத்தி நிறுவனங்களை வைத்து உருவான சூத்திரம் அது. 1.81-க்குக் கீழே ஆபத்து, 2.99-க்கு மேலே பாதுகாப்பு என்ற அதன் எல்லைகளை ஒரு வங்கியின் மேல் அப்படியே பொருத்தினால் விடைக்கு அர்த்தமில்லை.

ஆனாலும் என் ஓட்டு ஷாப் ஃப்ளோருக்குத்தான். கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையோ ஃபவுண்டரியோ உள்ளே விட்டால், ஒரே ஒரு மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரம் அது எப்போது நின்றது, எதற்காக நின்றது, எத்தனை நிமிடம் நின்றது என்று நோட்டில் குறித்து ஒரு பரேட்டோ வரைபடம் (காரணங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கிக் காட்டுவது) போடுங்கள். அந்த டேட்டா வேறு யாரிடமும் இருக்காது. வைவாவில் எதைக் கேட்டாலும் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்லப்போகிறீர்கள். முதலாளிக்கும் அது உடனே பயன்படும்.

சிக்கல் அனுமதியில்தான். "உற்பத்திக் கணக்கை ரிப்போர்ட்டில் போடாதே" என்று கடைசி வாரம் சொல்லிவிட்டால் உழைப்பெல்லாம் வீண். முதல் நாளே எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். உண்மை எண்ணைக் காட்டத் தயங்கினால், முதல் வார உற்பத்தியை 100 என்று வைத்து மற்ற வாரங்களை அதோடு ஒப்பிட்டுக் கொடுப்பதாகச் சொல்லிப் பாருங்கள்.