சோனி இசட்வி-இ10: சினிமா லுக்குக்கு எதுவரை தாங்கும்?

2021-இல் வந்த சோனி இசட்வி-இ10 வ்லாகர்களுக்கான கேமரா என்றுதான் விற்கப்படுகிறது. பெட்டியிலிருந்து எடுத்து ஆட்டோ மோடிலேயே படம் பிடித்தால் படமும் அப்படித்தான் வரும்: விளிம்பெல்லாம் வெட்டினாற்போல், அசைவு டிவி சீரியல் மாதிரி, வானம் வெளுத்துப்போய். ஆனால் உள்ளே இருப்பது ஏபிஎஸ்-சி சென்சார். சினிமாவில் பயன்படும் சூப்பர் 35 ஃபிலிம் ஃபிரேமுக்குக் கிட்டத்தட்ட அதே அளவு. 4கேயில் நொடிக்கு 24 ஃபிரேம் எடுக்கும்போது சென்சாரின் முழு அகலத்தையும் படித்துச் சுருக்கித் தருவதால் விவரத்துக்குக் குறைவில்லை. 30 ஃபிரேமுக்குப் போனால் 1.23 மடங்கு கிராப் விழும், அதாவது ஓரங்கள் வெட்டுப்படும், வைடு லென்ஸ் வீணாகும்.

நம் ஊர் டிவி முறையான பால் (PAL) முறையில் 24 ஃபிரேம் கிடையாது, 25தான். 24 வேண்டுமென்றால் மெனுவில் அமெரிக்க முறையான என்டிஎஸ்சிக்கு (NTSC) மாற்ற வேண்டும்; அதன்பின் ஆன் செய்யும்போதெல்லாம் திரையில் அதைச் சொல்லிக்கொண்டே இருக்கும். யூடியூபுக்கு மட்டும்தான் என்றால் 25-லேயே இருந்துவிடுங்கள், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. எதுவானாலும் ஷட்டர் 1/50 நொடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ட்யூப்லைட் நொடிக்கு 100 முறை துடிக்கிறது. 1/50-இல் ஒவ்வொரு ஃபிரேமிலும் சரியாக இரண்டு துடிப்பு அடங்கிவிடும். 1/60 வைத்தால் சுவரில் பட்டை ஓட ஆரம்பிக்கும்.

ஷட்டரைப் பூட்டியதும் வெயிலில் சிக்கல். நல்ல வெயில், ஐஎஸ்ஓ 100, 1/50 என்றால் லென்ஸ் துவாரத்தை எஃப்/22 வரை மூட வேண்டியிருக்கும். பின்னணி மங்க எஃப்/2.8 வேண்டுமா? 6 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) வெளிச்சத்தை லென்ஸுக்கு முன்னாலேயே நிறுத்தியாக வேண்டும். பலரும் வாங்கும் 2–5 ஸ்டாப் வேரியபிள் என்டி (வெளிச்சத்தைக் குறைக்கும், அளவை மாற்றக்கூடிய ஃபில்டர்) இதற்குப் போதாது. 6 ஸ்டாப் குறைக்கும் என்டி64 ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேரியபிளுக்குள் இருப்பது ஒன்றின்மேல் ஒன்றாகச் சுழலும் இரண்டு போலரைசர்கள்தான். 16 மிமீ வைடில் வானத்தின் ஒரு பக்கம் மட்டும் கருக்கும். எல்லை தாண்டித் திருகினால் நடுவில் பெருக்கல் குறி போல நிழல் விழும்.

எடிட்டிங்கில் நிறத்தை இழுத்துக்கொள்ளலாம் என்று படத்தை வெளிறலாகப் பதியும் எஸ்-லாக்3 விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இந்த கேமரா பதிவு செய்வது 8 பிட், 4:2:0 (நிற விவரத்தைக் குறைத்துப் பதியும் முறை). ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். லாக் அந்தப் படிகளுக்குள் பெரிய வெளிச்ச வீச்சை நெருக்கி அடைக்கிறது. எடிட்டிங்கில் கான்ட்ராஸ்டைத் திரும்ப இழுத்தால் மாலை வானத்திலும் வெற்றுச் சுவரிலும் வரிவரியாக விழும், மாநிற முகத்தின் நிழல்பக்கம் திட்டுத்திட்டாகும். போதாக்குறைக்கு ஐஎஸ்ஓ 500-க்குக் கீழே இறங்காது, என்டி இன்னும் 2 ஸ்டாப்புக்கு மேல் கூட வேண்டும். அப்படியும் லாக்தான் என்றால் ஒன்றரை ஸ்டாப் கூடுதல் வெளிச்சத்தில் எடுங்கள், நிழலில் நாய்ஸ் குறையும். எங்கள் தேர்வு பிக்சர் புரொஃபைல் மெனுவில் உள்ள பிபி6, அதாவது சினி2. ஹைலைட் மெதுவாக அடங்கும், கலர் கிரேடிங்கில் (எடிட்டிங்கில் நிறம் சரிசெய்வதில்) அதிகம் இழுக்க வேண்டியிராது. அதே மெனுவில் டீடெய்லை -7க்கு இறக்குங்கள். வீடியோத்தனத்தில் பாதி அந்தச் செயற்கைக் கூர்மைதான். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள். ஷாட் நடுவே நிறம் மாறினால் சரிசெய்வது பெரும்பாடு.

கூட வரும் 16–50 கிட் லென்ஸ் ஜூம் செய்யச் செய்ய எஃப்/3.5-இலிருந்து 5.6-க்குப் போகும், படமும் இருளும். இதை விற்றுவிட்டு சிக்மா 30 மிமீ எஃப்/1.4 வாங்கலாம், ஃபில்டர் அளவு 52 மிமீ. எப்போதும் 1.4-லேயே வைத்து எடுப்பது தேவையில்லாத ஆசை. ஒரு கண் ஷார்ப், மறு கண் அவுட் என்று வரும். ஆட்டோஃபோகஸ் நம்பகமானது. ஏஎஃப் டிரான்சிஷன் வேகத்தை 2 அல்லது 3-இல் வைத்துத் திரையைத் தொட்டால், சினிமாவில் ஃபோகஸ் மாற்றும் உதவியாளரின் (ஃபோகஸ் புல்லர்) கைபோல நிதானமாக மாறும்.

பெரிய குறை ரோலிங் ஷட்டர். 4கே 24-இல் சென்சார் வரிவரியாக, மெதுவாகப் படிப்பதால் வேகமாகத் திருப்பினால் மின்கம்பங்கள் சாயும். ஒரு பொருள் ஃபிரேமின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு வர 7 நொடியாவது ஆகுமாறு பேன் செய்யுங்கள். பாடிக்குள் ஸ்டெபிலைசர் இல்லை. மென்பொருளால் ஆட்டத்தைக் குறைக்கும் ஆக்டிவ் மோட் 1.44 மடங்கு கிராப் செய்கிறது. கேமரா பதியும் அசைவுத் தரவை (கைரோ) வைத்துப் பிறகு சோனியின் கேட்டலிஸ்ட் பிரவுஸ் மென்பொருளில் நிலைப்படுத்தலாம், ஆனால் 1/50-இல் எடுத்தால் ஆட்டம் நின்ற பின்னும் அந்த ஆட்டத்தின் மங்கல் ஃபிரேமில் தங்கிவிடும். டிரைபாடோ கிம்பலோ இல்லாமல் காரியம் ஆகாது.

என்பி-எஃப்டபிள்யூ50 பேட்டரி சின்னது, நாள் முழுக்க ஷூட் என்றால் மூன்று நான்கு வேண்டும். ஆட்டோ பவர் ஆஃப் டெம்ப் அமைப்பை 'ஹை'யில் வையுங்கள், இல்லாவிட்டால் சூட்டில் சீக்கிரமே அணையும்.

2024-இல் வந்த இரண்டாம் பதிப்பில் நிற விவரம் கூடுதலான 10 பிட் 4:2:2-உம் பெரிய என்பி-எஃப்இசட்100 பேட்டரியும் உண்டு. ஸ்டெபிலைசர் அதிலும் இல்லை. கிரேடிங்கில் நேரம் செலவழிப்பவர் அதற்குப் போகலாம். பணம் அளவோடுதான் என்றால் பழைய பாடியை செகண்ட் ஹேண்டில் எடுத்து, மிச்சத்தை லென்ஸுக்கும் என்டிக்கும் கொடுங்கள்.